ஏலத்தில் ஒரு ரோசாய் வாங்கிய கதை

ஃப்ளாரன்ஸில் ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, பெல்வெதேரே கோட்டைப் பக்கம் வியா சான் லியோனார்தோ என்று ஒடுக்கமான ஒரு தெரு இருக்கிறது. இரண்டு பக்கமும் கற்சுவர், அதற்கு மேலே ஒலிவ மரங்கள். கார் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். வேலை முடிந்து பல நாள் அந்த வழியாக நடந்திருக்கிறேன். ஓவியர் ஒத்தோனே ரோசாய் அங்கே இருந்துதான் படம் வரைந்தார் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ரோசாய் 1895இல் இதே ஊரில் பிறந்தவர், 1957இல் இவ்ரேயாவில் இறந்தார். இளமையில் வேகத்தையும் எந்திரத்தையும் கொண்டாடிய ஃப்யூச்சரிஸ்டு ஓவியர்களோடு சுற்றிவிட்டு, அப்புறம் சீட்டாடும் கிழவர்கள், பெஞ்சில் குந்தியிருக்கும் தொழிலாளிகள் என்று தன் தெருவுக்கே திரும்பிவிட்டார். மரவேலைக்காரரான அப்பா 1922இல் கடன் தாங்காமல் ஆர்னோவில் விழுந்து உயிரை விட்டார். முசோலினி ஆட்களோடு ஆரம்பத்திலேயே சேர்ந்தவர் ரோசாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் பிடிக்கிறது, ஆளைப் பிடிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே காலத்து இத்தாலிய ஓவியர்கள் மொராந்தி, கஸொராத்தி படங்கள் எல்லாம் நம்மால் எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலை. ரோசாயின் சின்ன அட்டைப் படம் என்றால் மாதச் சம்பளக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவிடலாம். ஆனால் அவர் பெயரில் போலி அதிகம், அதனால் படத்தோடு சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும். இத்தாலியில் பழைய வழக்கப்படி, படத்தைப் புகைப்படம் எடுத்து, அந்தப் புகைப்படத்தின் பின்னால் நிபுணர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஏல வீட்டின் கேட்டலாகில் 'புகைப்படத்தின் மேல் சான்று உண்டு' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது என்று முதல் முயற்சியிலேயே கற்றுக்கொண்டேன்.

அந்த முதல் படத்தில் சீட்டாடும் நான்கு பேர். மதிப்பீடு குறைவாகப் போட்டிருந்தார்கள். ஏலத்துக்கு முந்தின மூன்று நாள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கேட்டால் சட்டகத்தோடு கையிலேயே கொடுப்பார்கள். சான்றிதழைக் கேட்டு வாங்கி, அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புகைப்படத்தில் கையெழுத்தின் கடைசி எழுத்து நாற்காலிக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதிரே இருந்த படத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் வைக்கலாம். கேட்டதற்கு, "ரிப்பேர் பார்த்த படம்" என்றார்கள். ரிப்பேர் பார்த்தால் நாற்காலி நகருமா? பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் படமும் யாரோ ஒருவருக்கு விலை போனது.

ஆறு மாதம் கழித்து வேறு ஒரு இடத்தில் இன்னொன்று வந்தது. அட்டையில் எண்ணெய் வண்ணம், 1940களில் வரைந்தது, பெஞ்சில் மூன்று ஆண்கள், மூவருமே நமக்கு முதுகு காட்டி. நடு ஆளின் தொப்பி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவர் தூங்குகிறாரா பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோட்டு நிறம் கறுப்பில்லை, கிட்டப் போனால் ஈரமண் நிறம், அதன் கீழே பச்சை கசிகிறது. இதையெல்லாம் பார்த்து முடிக்க ஐந்து நிமிஷம்தான். படத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்: பழைய காலரியின் கிழிந்த லேபிள், கண்காட்சி எண், பென்சில் கிறுக்கல், ஒரு மூலையில் தண்ணீர் பட்ட கறை. சான்றிதழிலும் பின்பக்கப் புகைப்படம் இருந்தது, அதிலும் அதே கறை அதே மூலையில். உடனே பதிவு செய்துவிட்டேன். அடையாள அட்டை, வரி எண், அவ்வளவுதான் கேட்டார்கள்.

ஏலத்தன்று நான் ஆபீஸில். போனில் கேட்பதாகச் சொல்லியிருந்தேன், என் லாட், அதாவது நான் குறிவைத்த படம், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். மாடிப்படியில் நின்று பேசினேன். 2,000 யூரோவில் தொடங்கியது. 3,500க்கு மேல் போகக் கூடாது என்று உள்ளங்கையில் எழுதியே வைத்திருந்தேன். 3,200க்கு யாரோ கேட்டுவிட்டார்கள். 3,400 என்றேன். அப்புறம் மறுமுனையில் ஒரு மௌனம், நம் ஊர் 'ஒரு தரம், ரெண்டு தரம்' மாதிரியே தூரத்தில் ஒரு குரல், 'அஜ்ஜுதிகாதோ', அதாவது விற்றாயிற்று, சுத்தியல்.

3,400 என்பது நான் கட்டும் தொகை இல்லை. அந்த ஏல வீட்டின் கமிஷன் வரியோடு சேர்த்து 25 சதவீதம், ஆக 4,250. ஓவியர் இறந்து 70 வருஷம்வரை வாரிசுகளுக்கு மறுவிற்பனைப் பங்கு உண்டு, 3,000 யூரோ தொடங்கி 50,000 வரை 4 சதவீதம், ஆனால் அது விற்பவர் தலையில். இதைத் தெரியாமல் நான் 136 யூரோவைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதில் சட்டகம் மாற்றினேன்.

வீட்டில் மனைவி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாலாயிரம் யூரோவுக்கு மூணு முதுகா?" என்றாள்.

அடுத்த வருஷம் பாரீஸுக்குக் குடிபோகிறோம். ஐரோப்பாவுக்குள் நமக்கு எல்லை இல்லை, படத்துக்கு உண்டு. ஓவியர் உயிரோடு இல்லை, வரைந்து 70 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், பிரான்சுக்குக் கொண்டுபோவதற்கும் இத்தாலியக் கலாச்சார அமைச்சகத்தின் ஏற்றுமதி அலுவலகத்தில் காகிதம் கொடுக்க வேண்டும். மதிப்பு 13,500 யூரோவுக்குள் இருந்தால் சுய அறிவிப்பு போதும், 2017 சட்டத்தில் வந்த சலுகை இது. அதற்கு மேல் என்றால் அனுமதிச் சான்று வாங்க வேண்டும், கொடுக்காமல் நாட்டிலேயே நிறுத்திவைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. என்னுடையது ரசீதோடு சுய அறிவிப்பில் போயிற்று.

முன்பக்கப் புகைப்படம் ஒன்று கொடுத்தேன், பின்பக்கத்துக்கும் வேண்டும் என்றார்கள். அது என்னிடம் பதினொன்று இருந்தது.