ஐந்து நிமிசத்தில தம்பி

காலமை ஆறு மணிக்கே கொட்டாஞ்சேனையில ஓட்டோ பிடிச்சு, தம்பியை மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கான மருத்துவ மதிப்பீட்டுக்குக் கொண்டுபோனம். பெருமூளை வாதம், வயசு 24. நாலு மணித்தியாலம் காத்திருந்தம். டொக்டர் பார்த்தது ஐந்து நிமிசம். "நடப்பாரா? கதைப்பாரா?" எழுதினார், சீல் குத்தினார், அடுத்த ஆள்.

ராவில அம்மா நாலு தரம் எழும்பி அவனைப் பிரட்டிவிடுறா, படுக்கைப்புண் வராமல் இருக்க. சோத்தைக் களியாக் குழைச்சு, இடக்கையால தாடையைத் தாங்கிக்கொண்டுதான் தீத்தவேணும், இல்லாட்டிப் புரையேறிடும். இதை ஒருத்தரும் கேக்கேல்ல. அம்மா பக்கத்திலதான் நிண்டவ.

அவுஸ்திரேலியாவில பராமரிக்கிற ஆளுக்கெண்டே தனிக் கொடுப்பனவு இருக்கு. குளிக்க, சாப்பிட, உடுப்பு மாத்த எவ்வளவு உதவி வேணும் எண்டு மருத்துவ அறிக்கையிலயே கேப்பினம். இங்க இலங்கையில மாற்றுத்திறனாளி கொடுப்பனவை 2025இல 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினது உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனா எங்கட வீட்டில அது பம்பர்ஸுக்கும் மருந்துக்குமே காணாது. தம்பிக்காக வேலையை விட்ட அம்மாவுக்கு எந்தப் போர்மிலயும் ஒரு கோடுகூட இல்லை.

அடுத்த முறை அம்மாவின்ர ஒரு நாளை மணிக்கணக்கா எழுதி, போர்மோட சேர்த்துக் குடுக்கப்போறன். அப்பிடிக் குடுத்த ஆக்கள் இருந்தா, எப்பிடி எழுதினீங்கள் எண்டு சொல்லுங்கோ.