வேலிச் சண்டை தீர்க்கிற மென்பொருள்

எங்கள் கந்தோருக்கு வந்திருக்கிற ஆராய்ச்சிப் பெடியன், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை வரைபடத்தில் குறித்து எந்த வளவுக்கு எந்தக் கிணறு கிட்ட என்று பிரிக்கப் போகிறானாம். வொரனோய் பிரிப்பு என்பார்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத ஊர் இது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைத்தண்ணிதான் கதி. ஆகவே நல்ல வேலைதான். "அண்ணை, சேர்வரில சிஜிஏஎல் போட்டுத் தாங்கோ" என்றான்.

1996இல் ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் உள்ள பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் சேர்ந்து தொடங்கிய, வடிவியல் கணக்குகளுக்கான சி++ நூலகம் அது. உபுண்டு 22.04 லினக்ஸில் ஒரே கட்டளை, 5.4 பதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். 2019இல் வந்த 5.0 முதல் எல்லாம் ஹெடர் கோப்புகள்தான், பாவிக்கிறவரின் புரோகிராமோடு சேர்ந்தே கம்பைல் ஆகும். முந்தி மாதிரி நூலகத்தையே முதலில் பில்ட் பண்ணி எடுக்கிற தலையிடி இல்லை. பிளேன்ரீ ஆறுமுன் அலுவல் முடிந்தது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "எங்க, காட்டும் பாப்பம்."

"காட்ட ஒண்டும் இல்லை சேர்."

"அப்ப என்னத்தைப் போட்டனீர்?"

ஒரு ஹெடரைத் திறந்து காட்டினேன். டெம்ப்ளேட் என்கிற கோட் அச்சு, அதுக்குள்ள டெம்ப்ளேட், அதுக்குள்ள இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அவர்கள் இவ்வளவு கோட் எழுதி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காங்கேசன்துறை வீதியை ஒட்டி கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று கிணறுகளை எடுத்தால் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கும். ஒரு புள்ளி கோட்டுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சாதாரண தசமக் கணக்கில் கேட்டால், கடைசி இலக்கங்களை மட்டந்தட்டுகிற மழுப்பலில் ஒருக்கால் இடம் என்னும், இன்னொருக்கால் வலம் என்னும். எங்கட ஊர் வேலிச் சண்டை மாதிரியே. அந்தக் குழப்பத்தில் புரோகிராம் சுற்றிக்கொண்டே நிற்கும், இல்லையென்றால் விழும். சிஜிஏஎல் முதலில், விடை எந்த இரண்டு எண்ணுக்கு இடையில் கிடக்கும் என்கிற இடைவெளிக் கணக்கால் விரைவாகப் பார்க்கும். சந்தேகம் வந்தால் மட்டும் ஜிஎம்பி போன்ற துல்லியக் கணக்கு நூலகத்தைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும். அப்பீல் கிடையாது.

சரி, அடுத்த நாள் காலை. பெடியன் எட்டுக் கோப்பை ஒரேயடியாக கம்பைல் பண்ண விட்டிருக்கிறான். டெம்ப்ளேட் விரிய விரிய ஒரு கோப்பே ஒரு ஜிபியைத் தாண்டுவது உண்டு. எங்கள் சேர்வரிடம் மொத்தமே 4 ஜிபி. நினைவகம் முடிந்ததும் லினக்ஸ், ஆர் கூடப் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்த்து ஆளைப் போட்டுத்தள்ளும். அந்த நேரம் அகப்பட்டது கம்பைலர் இல்லை, மைஎஸ்க்யூஎல் என்கிற தரவுத்தளம். கைரேகை மெஷினின் வரவுப் பதிவெல்லாம் அதுக்குள்ளதான். எழுப்பிவிட்ட கையோடு திரும்பவும் விழுந்தது.

வாசலில் பெருவிரலை நீட்டிக்கொண்டு வரிசை. மெஷின் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிவப்பு வெளிச்சம் காட்டியது. பருத்தித்துறை பஸ்ஸில் பிந்தி வந்து இறங்கிய கூட்டத்தின் முகத்தில் மட்டும் தனிப் பிரகாசம்.

பிறகு நினைவகம் போதாதபோது கைகொடுக்க வட்டில் 4 ஜிபிக்கு ஸ்வாப் கோப்பு ஒன்று போட்டு, பெடியனின் கணக்குக்கு நினைவக வரம்பும் கட்டி, ஒரு நேரத்தில் ஒரு கோப்புத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கம்பைல் ஆறுதலாக முடிந்தது. ஓடவிட்டால் புரோகிராம் நத்தை. வேகத்துக்கான ரிலீஸ் மோடில் பில்ட் பண்ணு என்று, பில்டை ஒழுங்குபடுத்துகிற சிமேக் அப்போதே எச்சரிக்கை அடித்திருக்கிறது. அதையெல்லாம் ஆர் வாசிக்கிறார்கள்? மாற்றிப் பில்ட் பண்ணியதும் கிணறுகளைச் சுற்றி எல்லைகள் மளமளவென்று விழுந்தன. பெடியனுக்கு வாயெல்லாம் பல்.

பின்னேரம் கணக்குப் பகுதி அக்கா என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, அந்தப் பெடியன் திரும்ப எப்ப எட்டையும் ஒண்டா ஓடவிடுவான்? வியாழக்கிழமை எண்டா நல்லம். எனக்குக் காலமை பாங்கில கொஞ்ச அலுவல் கிடக்கு."