ரீகால் பட்டியலும் நெட்வொர்க் பட்டியலும்

ஒரு மருத்துவக் கருவிக்கு ரீகால் அறிவிப்பு, அதாவது கோளாறு காரணமாகத் திரும்பப் பெறும் அல்லது சரிசெய்யும் அறிவிப்பு, வந்தால் மருத்துவமனையில் முதல் போன் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவுக்குப் போகும், அடுத்தது நெட்வொர்க் பிரிவில் இருக்கும் எங்களுக்கு. "எல்லாம் வைஃபையில்தானே ஓடுது, எத்தனை இருக்கு, எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லிடுங்களேன்" என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில்தான் அவ்வளவு சுலபமில்லை.

அறிவிப்பில் இருப்பவை மாடல், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், சீரியல் எண் வரிசை, சில சமயம் மென்பொருள் பதிப்பு. நெட்வொர்க்குக்குத் தெரிந்தவை, கருவியின் நெட்வொர்க் கார்டுக்கு உரிய மேக் முகவரியும், நெட்வொர்க்கில் அதற்குத் தரப்படும் ஐபி முகவரியும். 48 பிட் மேக் முகவரியின் முதல் 24 பிட்டை வைத்துத் தயாரிப்பாளரைச் சொல்லிவிடலாம் என்பார்கள். ஆனால் பல நேரம் அது வைஃபை கார்டு செய்தவரின் பெயராகத்தான் இருக்கும். கருவியைச் செய்தவர் அதில் தெரியவே மாட்டார். ஆக, இந்த இரண்டு பட்டியலையும் சேர்க்கும் ஒரே பாலம் பயோமெடிக்கல் பதிவேட்டில் உள்ள மேக் முகவரிக் கட்டம்தான். கருவி வந்து இறங்கிய நாளில் அதை நிரப்பியிருப்பார்கள். அப்புறம் பழுதுபார்க்கும்போது கார்டை மாற்றியிருப்பார்கள். பதிவேட்டில் பழைய முகவரியே இருக்கும்.

நோயாளிக்கு மருந்தை அளவோடு செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சில வகைகளில் வைஃபையில் பேசுவது நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டு அலகு மட்டும். மருந்தை உண்மையில் செலுத்தும் மாட்யூல்கள் அதன் பக்கவாட்டில் மாட்டப்படுபவை. அவற்றைக் கழற்றி வேறொரு அலகில், வேறொரு வார்டில் மாட்டிக்கொள்வார்கள். ரீகால் மாட்யூலுக்கு என்றால் நெட்வொர்க் ஸ்விட்சையோ, வைஃபை சிக்னல் தரும் அக்சஸ் பாயிண்டையோ கேட்டுப் பயனில்லை. எந்த அலகில் எந்த சீரியல் எண் மாட்டியிருந்தது என்று பம்ப் சர்வர் பதிந்து வைத்திருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்கேனிங் கருவிகளுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமில் உள்ள படங்களின் தலைப்பகுதியில் கருவியின் சீரியல் எண்ணுக்கும் மென்பொருள் பதிப்புக்கும் தனி இடம் உண்டு. படங்கள் சேமிக்கப்படும் பாக்ஸ் சர்வரில் தேடினால், எந்த அல்ட்ராசவுண்ட் எந்தப் பதிப்பில் கடைசியாகப் படம் எடுத்தது என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும். நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவியையும் தட்டிப் பார்த்து என்ன பதில் வருகிறது என்று சோதிக்கும் போர்ட் ஸ்கேனை ஓட்டும் யோசனையை நான் ஏற்பதே இல்லை. பழைய கருவிகள் அதில் உறைந்து போகலாம், அந்த நேரம் அதன் மறுமுனையில் நோயாளி இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "பட்டியலில் உள்ளதையெல்லாம் நெட்வொர்க்கில் தடுத்துவிடலாமே" என்பார். பாதுகாப்புக் குறைபாட்டுக்கான அறிவிப்பு என்றால் அதில் அர்த்தமிருக்கிறது. 2015 ஜூலையில் ஹாஸ்பிராவின் சிம்பிக் பம்ப் குறித்து அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தபோது, மாற்றுப் பம்புக்குப் போகும்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து வைக்கச் சொன்னது. அப்படிச் செய்தால் மருந்து விவரத் தொகுப்பைக் கையால்தான் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஆனால் பேட்டரியிலோ மோட்டாரிலோ கோளாறு என்றால்? வைஃபையைத் துண்டித்தாலும் பம்ப் மருந்தைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கும். கட்டிலருகில் அப்படியே நிற்கும், எங்கள் திரையிலிருந்து மட்டும் மறைந்துவிடும். அதனால் இணைய விடுவோம்; இணைந்த உடனே எச்சரிக்கை வரும்படி வைப்போம்.

எச்சரிக்கை வந்த பிறகும் இடம் தோராயமாகத்தான் தெரியும். மூன்றாம் மாடி அக்சஸ் பாயிண்டில் தெரியும் பம்ப் இரண்டாம் மாடியில் இருக்கலாம், சிக்னல் தளத்தைத் தாண்டியும் போகும். அங்கிருந்து வார்டின் பொறுப்பு நர்ஸ்தான் தேட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பம்பை எப்போது மாற்றுவது என்பதும் அவர்கள் முடிவு, எங்களுடையது அல்ல.

தயாரிப்பாளருக்கு அனுப்பும் பதில் படிவத்தில் நான் பார்த்தவரை, எத்தனை கிடைத்தன என்று எழுத ஒரு கட்டம் தவறாமல் இருக்கும். கிடைக்காதவை எத்தனை என்பதை நாங்களே தனித்தாளில் எழுதி வைக்கிறோம். அந்தத் தாள், நெட்வொர்க்கில் கடைசியாகத் தெரிந்த தேதிப்படி, பழையது மேலே வரும்படி அடுக்கப்படும். நேற்று தெரிந்த பம்ப் இன்றோ நாளையோ மறுபடி தெரிந்துவிடும். மாதக்கணக்கில் தெரியாதது அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கலாம், பழுதுக்குப் போயிருக்கலாம், வாடகைக்கு வந்து திரும்பியிருக்கலாம், வேறு கிளைக்கு இரவல் போயிருக்கலாம். அதனால் பயோமெடிக்கல் ஊழியர்கள் ஸ்டோர் அறையிலிருந்து தேட ஆரம்பிக்கும்போது அந்தத் தாளின் மேல் வரிகளைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள்.