பூ கட்ட முடியலன்னு அம்மா சொன்னப்பவே கேட்டிருக்கணும்

2024 மார்ச் 4
அம்மாவோட எம்ஆர்ஐ ரிசல்ட் வந்துடுச்சு. ஒரு வருஷமா முழங்கால் தேய்மானம்னு ஊசி போட்டு, அப்புறம் சுகர் நரம்புன்னு மாத்திரை குடுத்து, கடைசில பாத்தா பிரச்சனை கழுத்துல. அஞ்சாவது ஆறாவது எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பின்னாடி தள்ளி தண்டுவடத்தையே அமுக்குது, காலுக்குப் போற நரம்பெல்லாம் அது வழியாத்தான இறங்குது. கழுத்து வலிக்கவே இல்லையே டாக்டர்னு அம்மா கேட்டாங்க, நிறைய பேருக்கு வலி இருக்காதும்மா, அதான் லேட்டா தெரியுதுன்னார்.

அம்மாவோட நடுவிரல் நகத்த டாக்டர் சுண்டி விட்டார், கட்டைவிரல் தானா உள்ள மடங்குச்சு, தண்டுவடம் அமுங்கியிருக்கறதுக்கு அது ஒரு அடையாளமாம். பத்து செகண்டுல கைய மூடி மூடித் திறக்கச் சொன்னார், 20 தடவையாவது வரணுமாம். அம்மாவுக்கு 11.

வயிறு கலங்கிடுச்சு எனக்கு. விரல் நிக்கல, பூ கட்ட வரலன்னு எத்தனை தடவ சொன்னாங்க, வயசாச்சுல்லம்மான்னு நான்தான் விட்டுட்டேன். ஒரு நாள் கடைலேர்ந்து வரும்போது ஒரு கால்ல செருப்பே இல்ல, எங்க கழண்டுச்சுன்னும் அவங்களுக்குத் தெரியல.

மார்ச் 7
பெரியம்மா ஃபோன், எண்ணெய் போட்டு சுளுக்கு வழிச்சா சரியாயிடும்னு. வேணவே வேணாம்னு சொல்லிட்டேன், கழுத்த யாரும் முறுக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார், தயவுசெஞ்சு யாரும் இத செய்யாதீங்க.

மார்ச் 13
ஆபரேஷன் முடிஞ்சுது. கழுத்து முன்பக்கம் திறந்து ஜவ்வ எடுத்துட்டு அந்த இடத்துல சின்ன கூண்டு மாதிரி ஒண்ணு வச்சு ப்ளேட் போட்டு ஸ்க்ரூ பண்ணியிருக்காங்க. இனி மோசமாகாம நிறுத்தறதுதான் முதல் வேலை, போனது எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாதுன்னார். இதே ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா?

மார்ச் 15
முழுங்க கஷ்டம், கஞ்சிதான். பிசியோ பொண்ணு பிடிச்சுக்க வார்டுல பத்தடி நடந்தாங்க.

ஜூன் 20
தினம் ஹால்ல டைல்ஸ் கோட்டு மேல குதிகால் விரல் ஒட்டி ஒட்டி நடக்கறாங்க, நான் பக்கத்துலயே கைய நீட்டிட்டு போவேன். பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சு, ராத்திரி லைட்ட அணைக்கறதில்ல, இருட்டுல கால் எங்க வைக்கறோம்னு அவங்களுக்கு இன்னும் தெரியறதில்ல.

இன்னைக்கு அவங்களே கேட்டு மல்லி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாழ நார நனைச்சு வச்சுட்டு ஒரு மணி நேரம் உக்காந்து அரை முழம் கட்டினாங்க, முடிச்சு லூஸா விழுந்து நடுவுல நாலஞ்சு பூ உதிர்ந்துச்சு, எடுத்து மறுபடி வச்சு கட்டினாங்க. இடது கால் இன்னும் இழுக்குது. அடுத்த செக்கப் செப்டம்பர்ல.