கூடலூர்ல இருந்து ஒரு பித்தப்பை ஆபரேஷன், எங்கெங்க மாட்டுனோம்னு

கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆபரேஷன் ஃப்ரீதான், அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஆனா அந்த டேபிள் வரைக்கும் பணியர்ங்குற பழங்குடிய சேர்ந்த ஒரு அக்காவ கொண்டு போய் சேர்க்குறதுக்குள்ள என்னெல்லாம் ஆச்சுன்னு எழுதி வைக்கிறேன், கூடலூர் பந்தலூர் பக்கம் யாருக்காவது உதவும். நான் ஜீப் ஓட்டுறவன், அக்கா எங்க எஸ்டேட் லைன் வீடுகளுக்கு கீழ இருக்குற பாடில (அவங்க குடியிருப்பு) இருக்காங்க, தேயிலைக் கொழுந்து எடுக்குற வேலை.

வலது விலாவுக்கு கீழ வலி, வாந்தி, கண்ணு மஞ்சள். மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கி வாங்கியே ரொம்ப நாள் ஓட்டிட்டாங்க. ஸ்கேன் பார்த்தா பித்தப்பை பூரா கல்லு. அக்காவுக்கு சிக்கிள் செல் நோய் இருக்கு, இந்த நோய்ல ரத்த அணு சீக்கிரமே உடைஞ்சு போகுமாம், அதுல வர்ற மஞ்ச நிறமிதான் பித்தப்பைல கல்லா சேருது, அதனால சின்ன வயசுலயே கல்லு வந்துடும். நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி பழங்குடி மக்கள்ட்ட இந்த நோய் ஜாஸ்தி. கூடலூர்ல அஸ்வினிங்குற தொண்டு நிறுவனம் நடத்துற ஆதிவாசி ஆஸ்பத்திரில நர்ஸுங்களே ஆதிவாசி பொண்ணுங்கதான், அக்கா அங்க மட்டும் பயப்படாம போவாங்க. அங்க பார்த்துட்டு, ஐசியூ இருக்குற பெரிய இடத்துல பண்றதுதான் சேஃப்னு லெட்டர் குடுத்தாங்க.

மலை இறங்கி போன முதல் இடத்துல சிக்கிள் செல்னு சொன்னதுமே மூஞ்சி மாறிடுச்சு. ரத்தம் கம்மி, மயக்க மருந்து குடுக்க முடியாது, ஏத்திட்டு வாங்கன்னு ஓபி சீட்டுல எழுதி அனுப்பிட்டாங்க. எங்க ஏத்துறது, யார்ட்ட கேக்குறதுன்னு ஒரு வார்த்தை இல்ல. அக்காவ நீ வா போன்னுதான் பேசுனாங்க, பக்கத்துல நின்ன என்னைய சார்னு கூப்டாங்க. அக்கா தனியா போயிருந்தா அன்னைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து மறுபடி கேஸ் மாத்திரைதான். அப்படி திரும்பி வந்தவங்க பாடில எத்தனையோ பேர்.

அப்புறம் கார்டு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கார்டு இல்லாட்டியும் ஆபரேஷன் பண்ணுவாங்க, ஆனா முதலமைச்சர் காப்பீடு இருந்தா ஆஸ்பத்திரிக்கு கிளைம் வரும், அதனால கேட்டுட்டே இருப்பாங்க, எடுத்து வச்சுக்கறது நல்லது. வருஷத்துக்கு 5 லட்சம் கவர், குடும்ப வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், அதுக்கு வருமானச் சான்று. ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல வேற மாதிரி ஒரு பேரு. திருத்தலாம்னு போனா கொழுந்து கிள்ளி கிள்ளி தேஞ்ச விரல்ல ரேகையே விழல, மெஷின் சிவப்பு காட்டிட்டே இருக்கு. எண்ணெய் பிசுக்கு போக சோப்பு போட்டு கழுவி, விரல மாத்தி மாத்தி வச்சு கடைசில விழுந்துச்சு. கூடவே சாதிச் சான்று வேணும்னு யாராவது சொன்னா தாலுகா ஆபீஸ்ல நிக்காதீங்க, எஸ்டி சான்று நம்ம மாநிலத்துல ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்), சப் கலெக்டர்தான் குடுப்பாங்க, தாசில்தார் இல்ல.

பெரிய தலைவலி ரத்தம்தான். ரெண்டாவதா போன ஆஸ்பத்திரில ஒரு மயக்க டாக்டரம்மா, நல்லா இருக்கணும் அவங்க, உக்கார வச்சு விளக்குனாங்க. ஹீமோகுளோபின 10 கிட்ட கொண்டு வரணும், உடம்பு குளிரக்கூடாது, தண்ணி வத்தக்கூடாது, ஆக்சிஜன் குறையக்கூடாது, இதுல எது தப்புனாலும் அணு எல்லாம் வளைஞ்சு ரத்தக்குழாய் அடைச்சுக்கும், நெஞ்சுல போய் அடைச்சா உசுருக்கே ஆபத்து. அதனால முன்னாடியே அட்மிட் பண்ணி ரத்தம் ஏத்தணும்னாங்க. ரத்த வங்கில பதிலுக்கு டோனர் கேட்டாங்க. அக்காவோட தம்பி, சித்தி பசங்க எல்லாம் வந்தாங்க, பாவம், ஒருத்தரும் தேறல. குடுக்குறவங்களுக்கு ஹீமோகுளோபின் 12.5, எடை 45 கிலோ இருக்கணும், அதுவும் இல்லாம பாதி பேருக்கு அதே நோயோட கூறு (நோயா வெளிய தெரியாம ரத்தத்துல இருக்குறது) இருக்கு. கடைசில எங்க லைன் பசங்கதான் ஜீப்புல வந்து குடுத்தானுங்க. நாங்களே 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பம், வந்து இத்தனை வருஷத்துல ஆபீஸ்ல நின்னு பேசுற அளவுக்கு ஆயிட்டோம், எங்களுக்கு முன்னாடியே இந்த காட்டுல இருந்தவங்கள இன்னும் ஓபி வரிசைல ஓரம் தள்ளுறாங்க, அத பார்த்தா ஒரு மாதிரி இருக்கு.

வார்டுல அக்கா ரெண்டு ராத்திரி தாங்குனாங்க, அப்புறம் வீட்டுக்கு போறேன்னு ஒரே அழுகை. துணைக்கு பொம்பளைதான் இருக்கணும்னு அவங்க பொண்ணு வந்திருந்துச்சு, அதுக்கு கூலி போச்சு, ஆஸ்பத்திரி சாப்பாடு நோயாளிக்கு மட்டும்தான். சம்மதம் பாரத்துல என்ன இருக்குன்னே தெரியாம கைநாட்டு வைக்க மாட்டேன்னுட்டாங்க, நியாயம்தானே. ஆதிவாசி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்களுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல பணிய பாஷைலயே சொல்ல வச்சோம், பத்து நிமிஷத்துல கைநாட்டு வச்சுட்டாங்க. இத மட்டும் எல்லாரும் செஞ்சு வைங்க, அவங்க பாஷை பேசுற ஒருத்தரோட நம்பர் கையில இருக்கட்டும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடும்போது சலைன் ஓடுதான்னும் பாருங்க, ஓடலைன்னா கேளுங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, மூணு ஓட்டைதான் போட்டாங்க. இப்ப வேலைக்கு போறாங்க, ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் விடாம போடணும்.

இப்ப அவங்க தம்பிக்கு இடுப்பு எலும்பு பந்து செத்துப்போச்சுன்னு எம்ஆர்ஐல வந்திருக்கு, அதுவும் இதே நோயாலதான், இடுப்பு மாத்துற ஆபரேஷன் சொல்றாங்க, அவன் மாட்டேங்குறான். சிக்கிள் செல்லோட இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க யாராவது இருந்தா எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, அவன்ட்ட படிச்சு காட்டணும்.