ஏப்ரலில் கொஞ்சம் இருட்டு வேண்டும்

சித்திரைப் பிறப்பு வந்தால் இங்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் சேன் லூயி ஊரில், கோயிலெல்லாம் சீரியல் செட் ஏறிவிடும். காரைக்காலில் வளர்ந்த எனக்கு அதைப் பார்த்தாலே ஊர் ஞாபகம்தான். ஆனால் இந்தத் தீவில் பாரோ பெத்ரேல் என்ற பறவையின் குஞ்சுகள் கூட்டை விட்டு முதன்முதலாகக் கிளம்புவதும் அதே ஏப்ரலில்தான்.

கிட்டத்தட்ட இந்தத் தீவில் மட்டுமே முட்டையிடும் கடற்பறவை இது. பித்தோன் தெ நேழ் மலையில் 2,000 மீட்டருக்கு மேலே மண்ணில் வளை தோண்டி, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு ராத்திரியில் தனியாகத்தான் இறங்கும், தாய் தகப்பன் கூட வராது. சிலாவோஸ் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டியது, தெருவிளக்கையும் ஸ்டேடியம் விளக்கையும் பார்த்துத் தடுமாறி விழுந்துவிடுகிறது. நீண்ட இறக்கை, வலுவில்லாத கால். சமதரையிலிருந்து மறுபடி எழும்பத் தெரியாது. அப்புறம் நாயோ பூனையோ காரோ, எது முதலில் வருகிறதோ அதுதான். 1996 முதல் 1999 வரை மட்டும் இப்படி விழுந்த கடற்பறவைகள் 2,348 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பறக்கத் தொடங்கிய குஞ்சுகள்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வேனுக்கு அடியில் ஒன்று கிடந்தது. மேலே கரும்சாம்பல், வயிறு வெள்ளை, கழுத்தில் இன்னும் குஞ்சு முடி ஒட்டியிருந்தது. அலகு நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும், கொத்தினால் வலிக்கும். பழைய துண்டைப் போர்த்தித் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடினோம். மீன் எண்ணெய் வாடை கையை விட்டுப் போகவே இல்லை. என் மாமியார் பாவப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். வேண்டாம் அத்தை என்று சொன்னேன். சோறு, தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது, தூக்கி வானத்தில் எறியவும் கூடாது. இருட்டாக, சத்தமில்லாமல் வைத்திருந்து, செயோர் என்ற பறவைச் சங்கத்துக்குச் சொன்னால் போதும். அவர்கள் சோதித்துப் பார்த்துக் கடற்கரையில் விடுவார்கள். மீட்கப்படுபவை பெரும்பாலும் பிழைத்துப் பறந்துவிடுகின்றன.

பௌர்ணமி சமயத்தில் குறைவாகத்தான் விழும், நிலவில்லாத இரவுகளில்தான் அதிகம். அதனால் வீட்டு நாட்காட்டியில் ஏப்ரல் அமாவாசையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வாரம் எங்கள் மொட்டைமாடி விளக்கு எரியாது. தேசியப் பூங்கா சொல்லி, ஊராட்சிகளே சில இரவுகளில் தெருவிளக்கை அணைக்கின்றன. நாம் ஒரு ஸ்விட்சைத் தட்ட யோசிக்கலாமா?

கோயில் நிர்வாகத்திடமும் பேசினோம். "நல்ல நாளும் அதுவுமா சாமி கோயிலை இருட்டாக்குறதா?" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். "கருவறை விளக்கு எரியுதே ஐயா, அது போதும்" என்று குருக்களே சொல்லிவிட்டார். அர்த்தஜாம பூஜை முடிந்ததும் கோபுர சீரியல் செட்டை நிறுத்தச் சம்மதம். கார் நிறுத்துமிடத்து ஃபோகஸ் லைட் மட்டும் திருட்டுப் பயத்தால் இன்னும் முடிவாகவில்லை. ஆள் வந்தால் மட்டும் எரிகிற மாதிரி, கீழ்நோக்கித் திருப்பி மாட்டலாமே என்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.