ஆரோக்கியப்பச்சை: பணம் வந்தது, இலை வரவில்லை

அகத்தியர் மலையைத் தாமிரபரணிப் பக்கமிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். பல்லுயிர் வளத்தைப் பொருளாக்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அம்மலையின் கேரளச் சரிவில் 1987-இல் நடந்தது எனக்கு நினைவுக்கு வரும்.

செடிகொடிகளை ஆராயக் காடேறிய தாவரவியலாளர் புஷ்பாங்கதனின் குழுவினர் களைத்துத் தளர்ந்தபோது, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் (அம்மலையில் வாழும் காணிப் பழங்குடியினர்) மட்டும் ஏதோ ஒரு பழத்தை மென்றபடி அலுப்பின்றி நடந்தார்கள். அது என்னவென்று கேட்டதற்குச் சொல்லத் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத அறிவு அது. வற்புறுத்திக் கேட்டபின் அவர்கள் காட்டியதுதான் ஆரோக்கியப்பச்சை. காட்டு நிழலில், தரையை ஒட்டி வளரும், இதய வடிவ இலைகொண்ட சிறு செடி.

கேரளத்தின் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் சோர்வு போக்கும் மருந்தை உருவாக்கி, கோவையிலுள்ள ஆரிய வைத்திய பார்மசிக்கு 1995-இல் ஏழாண்டு உரிமம் வழங்கியது. உரிமக் கட்டணமாக 10 லட்சம் ரூபாயும், விற்பனையில் 2 சதவீதமும் பேசப்பட்டன. இரண்டிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதென்று நிறுவனமே முன்வந்து முடிவெடுத்தது. அப்படித் தர வேண்டும் என்று சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் 2002-இல்தான் வந்தது என்பதால், அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பணத்தைப் பெற 1997-இல் காணிகளின் அறக்கட்டளை பதிவாயிற்று; 1999-இல் சுமார் 5 லட்சம் ரூபாய் அதன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

சிக்கல் இலையில்தான் வந்தது. காணிக் குடும்பங்கள் சில இச்செடியைப் பயிரிட்டு இலையை விற்கத் தொடங்கியிருந்தன. ஆனால் அவர்கள் குடியிருப்பது காப்புக்காட்டுக்குள். பயிரிட்ட இலை எது, காட்டில் பறித்த இலை எது என்று பிரித்தறிய முடியாது என்பதால் வனத்துறை அனுமதிக்கவில்லை. செடியை வேரோடு பிடுங்கிக் கடத்துவோரும் கிளம்பிவிட்டதால், வனத்துறையின் அச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் மருந்துக்குப் போதிய இலை கிடைக்காமல், தலைமுறைகளாக அச்செடியை அறிந்தவர்களின் கை கட்டப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்பனையிலிருந்து வரும் பங்குத்தொகையைவிட, தன் தோட்டத்து இலையைத் தானே கிள்ளி விற்கும் உரிமைதான் அக்குடும்பங்களுக்கு நிலையான வருமானம்.

காணிகளுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. பிலாத்தி எனப்படும் மருத்துவர்கள் சிலர், தங்கள் அறிவை விற்பதையே எதிர்த்தார்கள். அவர்களை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். 1995-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்த தரப்புகள் இரண்டே: ஆய்வு நிறுவனம், மருந்து நிறுவனம்.